டிஎம்சி, கன அடி, லிட்டர்: கணக்கு தவறும் இடங்கள்

மேட்டூரில் நீர்மட்டம் ஏறத் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் கணக்கும் ஓடத் தொடங்கிவிடும். "நீர்வரத்து 10,000 கன அடியாம், எத்தனை லிட்டர்?" என்று ஒருவர் கேட்பார். ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர் என்பதால், இன்னொருவர் அதை 28.3-ஆல் பெருக்கி, 2.83 லட்சம் லிட்டர் என்பார். பெருக்கல் சரி, விடை தவறு.

அந்த 10,000 கன அடி, விநாடிக்கு வருவது. செய்தியில் 'விநாடிக்கு' விடுபட்டுப் போவதால் வரும் வினை இது. நாளுக்கு 86,400 விநாடிகள். அதே வேகத்தில் நாள் முழுக்க வந்தால் 86.4 கோடி கன அடி, அதாவது சுமார் 2,447 கோடி லிட்டர் சேரும். டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஆக இது 0.864 டிஎம்சி. ஒரு நாளில் ஒரு டிஎம்சி சேர விநாடிக்கு 11,574 கன அடி வேண்டும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் காலை 8 மணி நீர்வரத்து மாலையிலும் அப்படியே இருக்காது. அதை வைத்து "இத்தனை நாளில் அணை நிரம்பும்" என்று எழுதாதீர்கள். ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா என்று குறுவைக்குக் காத்திருக்கும் விவசாயி அதை நம்பிவிடுவார்.

அடுத்தது, கனத்தை மறப்பது. ஒரு அடி 0.3048 மீட்டர், அதனால் ஒரு கன அடி 0.3 கன மீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையுமே மாற்ற வேண்டும். 0.3048 × 0.3048 × 0.3048 என்று பெருக்கினால் 0.0283 கன மீட்டர்தான் வரும். பிழை பத்து மடங்குக்கும் மேல்!

சென்னை ஏரிகளுக்கு மில்லியன் கன அடியில் கணக்குச் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்தின் 3,645 மில்லியன் கன அடி, 3.645 டிஎம்சி. ஆயிரத்தால் வகுத்தால் சரி.

அப்புறம், உயரத்தைக் கொள்ளளவாக நினைப்பது. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி இருந்தால் பாதி அணை என்று அர்த்தமில்லை. மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால், 60 அடியில் இருப்பது பாதிக்கும் வெகு குறைவு.

கடைசியாக, 28.3168-ஐ 28 ஆக்குவது. வீட்டுத் தொட்டிக்குப் பரவாயில்லை. ஒரு டிஎம்சியில் அது கிட்டத்தட்ட 31.7 கோடி லிட்டரை விழுங்கிவிடும். சென்னைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் குடிநீர் என்று வைத்தால், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.