ஆவணப்படம் எடுக்க இறங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு: நான் விட்ட பிழைகள்

போன மாதம் கல்லடியில் ஒரு சின்ன அறைக்குள் இருந்து ஐந்து பேருடைய ஆவணப்படங்களின் றஃப் கட், அதாவது முதல் வெட்டு, பார்த்தேன். ஐந்தும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கதைகள். ஐந்திலும் காலனித்துவம், எதிர்ப்பு, அடையாளம் என்ற மூன்று சொல்லும் வருகிறது. நான்கு படம் மட்டக்களப்புக் கோட்டையில் தொடங்குகிறது: வாவி, மதில், பீரங்கி, பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் என் முதல் படமும் அதே கோட்டையில், அதே புல்லாங்குழலோடுதான் தொடங்கியது. அப்போது கையில் ட்ரோன் இல்லை, அதனால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏறி நின்றேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

பற்றரி சார்ஜ் போடுங்கள், கார்டை இரண்டு இடத்தில் கொப்பி பண்ணுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒருதரம் பட்டால் தானாகப் பழகும். பட்டும் பழகாத பிழைகள்தான் இங்கே.

"வெள்ளைக்காரன் வந்தான்"

எந்த வெள்ளைக்காரன்? 1602இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்து இறங்கினான். 1628இல் புளியந்தீவில் அந்தக் கோட்டையைக் கட்டியவன் போர்த்துக்கீசன். பத்தே வருடத்தில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தன் அதைப் பிடித்தான். 1795இல் இங்கிலீஸ்காரன் வந்தான். நான் பார்த்த ஒரு றஃப் கட்டில் இந்த மூன்று பேரும் ஒரே வசனத்துக்குள் ஒரே ஆளாகிப் போயிருந்தார்கள்.

ஆண்டு பிழைப்பது பெரிய காரியமில்லை, திருத்தலாம். ஆளை மாற்றிப் போட்டால் எவன் எதை விட்டுப் போனான் என்று தெரியாமல் போகும். மேய்ச்சல்தரையைப் பற்றி, காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனைக் காணியைப் பற்றிப் படம் எடுக்கிறவன் கோட்டை மதிலைக் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. அவன் தேட வேண்டியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை. காணி உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்ட இங்கிலீஸ்காரனின் சட்டம் அது. இன்றைக்கும் கந்தோரில் ஒரு ஆளிடம் "இது அரச காணி" என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்கு எத்தனை வயது என்று யோசியுங்கள். நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச கந்தோர், அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது. காணிக் கடதாசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருந்த ஆக்கள் எத்தனை பேர்! நான் அவர்களைத் தாண்டிப் போய்ப் பீரங்கியைப் படம் பிடித்தேன்.

வில்லைக் கையில் கொடுப்பது

வாகரைப் பக்கத்து வேடர் தமிழ் கதைக்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், சேனை செய்கிறார்கள். சட்டை போட்டு ஃபோன் வைத்திருப்பார்கள். வில்லும் கோடரியும் பிடிக்கச் சொல்லி அவர்களை நிறுத்தி வைப்பது வெள்ளைக்காரன் ஸ்ரூடியோப் படங்களில் செய்த வேலை. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

"அங்கிள், தமிழில் சொல்லுங்க"

இதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு பதினைந்து வருடத்துக்கு முந்திய கதை. மட்டக்களப்பின் பனிச்சையடியில் ஒரு பறங்கி வீடு, போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழிவந்த சனம். அங்கிளுக்கு எழுபது தாண்டியிருக்கும், தச்சு வேலை செய்தவர், கலியாண வீடுகளில் வயலின் வாசித்தவர். மட்டக்களப்புப் பறங்கியரின் வீட்டு மொழி போர்த்துக்கீஸ். லிஸ்பனில் பேசுகிற போர்த்துக்கீஸ் இல்லை, நானூறு வருடமாக இந்த மண்ணிலேயே ஊறிப்போன போர்த்துக்கீஸ். கஃப்ரிஞ்ஞா, லான்சர்ஸ் ஆட்டங்களோடு அது இன்னும் கொஞ்சப் பேரிடம் கிடக்கிறது. என் படமே அதைப் பற்றித்தான்.

கமரா ஓடத் தொடங்கினதும் அங்கிள் தன் அக்காவைப் பார்த்துப் போர்த்துக்கீசில் ஏதோ சொன்னார். அக்கா குசினி வாசலில் நின்று பதில் சொன்னா. இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பவும் அவர் ஏதோ தொடங்கினார். நான் இடையில் பாய்ந்தேன்: "அங்கிள், தமிழில் சொல்லுங்க, சனத்துக்கு விளங்கணும்."

மனிசன் மரியாதையானவர். உடனே தமிழுக்கு மாறினார். நாற்பது நிமிடம் நல்ல மட்டக்களப்புத் தமிழில் தகப்பனைப் பற்றி, தச்சுப்பட்டறையைப் பற்றி, சுனாமியில் டச்பார் என்ற கரையோர ஊரில் போன சொந்தக்காரரைப் பற்றிச் சொன்னார். இடையில் ஒருதரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து... நீங்க கேட்ட தமிழிலயும் எங்கட சொல்லுதானே மகன் கிடக்கு." நான் தலையாட்டினேன். நல்ல வசனம் கிடைத்துவிட்டது என்ற சந்தோசம். அவர் எனக்கு விட்ட குட்டு அது என்று விளங்கவேயில்லை.

பேட்டி முடிந்து மைக்கைக் கழற்றினேன். தேத்தண்ணி வந்தது. அக்காவும் தம்பியும் மேசையில் இருந்து போர்த்துக்கீசில் ஏதோ சண்டை பிடித்தார்கள். யாருடைய கலியாணத்தில் யார் வயலின் வாசித்தது என்ற சண்டையாம். அக்கா ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டித் தன் பக்கம்தான் சரி என்று நிறுவினா. கமரா பையுக்குள். நான் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எடிற்றில் உட்கார்ந்தபோது கணக்குப் பார்த்தேன். போர்த்துக்கீஸ் என்று என்னிடம் இருந்தது மொத்தம் 47 செக்கன். அதற்கும் மேலே காற்றாடிச் சத்தம், நிறுத்தச் சொல்ல எனக்கு வெட்கம். வெற்றிடத்தை நிரப்ப நானே பின்னணிக் குரல் எழுதினேன்: "அழிந்துகொண்டிருக்கும் ஒரு மொழியின் கடைசி மூச்சு..." அந்த மொழி பக்கத்து மேசையில் இருந்து சண்டை பிடித்தபோது கமராவை நிறுத்தி வைத்தவன் நான்தான். காலனித்துவத்தைக் கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பி, ஒரு சின்னச் சனத்தைப் பார்த்து 'எனக்கு விளங்குகிற மொழியில் பேசு' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு வருடத்தில் அங்கிள் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்த பிறகு அவருடைய மகள் ஃபோன் எடுத்தா. "தம்பி, டடா போர்த்துக்கீசில கதைக்கிறது ஏதும் இருக்கா? பிள்ளைகளுக்குக் கேக்கப் போட." அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

கல்லடியில் பார்த்த ஐந்தில் இரண்டு படத்தில் அதே பிழை. ஒன்றில் ஒரு அன்ரி வாயைத் திறக்க முந்தியே கமராவுக்குப் பின்னால் இருந்து கேட்கிறது: "தமிழில சொல்லுங்க அன்ரி." எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என்ன செய்யலாம்? தனியாக ஒருவரை இருத்திப் பேட்டி எடுக்காதீர்கள். அந்த மொழி தெரிந்த இரண்டு பேரை ஒன்றாக இருத்துங்கள், தங்களுக்குள் கதைக்க விடுங்கள். உங்களுக்கு ஒன்றும் விளங்காது, விளங்காமலே இருங்கள். தேத்தண்ணி வரும்போதும் மைக் ஓடட்டும், ஆனால் ஓடுகிறது என்று முதலே சொல்லிவிடுங்கள். காற்றாடியை நிறுத்தக் கேளுங்கள், வேர்க்கும்தான், பரவாயில்லை. அடுத்த கிழமை மடிக்கணினியோடு அதே வீட்டுக்குப் போய், அவர்களையே பக்கத்தில் வைத்து வரி வரியாகத் தமிழ் கேட்டு எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு இரண்டு பின்னேரம் போகும். அந்த இரண்டு பின்னேரத்தையும் றெக்கோட் பண்ணுங்கள். "இந்தச் சொல்லுக்குத் தமிழில என்ன?" என்று அவர்கள் தங்களுக்குள் தடுமாறுகிற இடம் உங்கள் பேட்டி முழுவதையும் விடப் பெறுமதி.

மறுகா

இதே வியாதியின் சின்ன வடிவம். கிழவி "மறுகா அவன் வரல்ல" என்கிறா. கீழே எழுத்தில் "பிறகு அவன் வரவில்லை" என்று போட்டிருக்கிறான், அதுவும் தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே. யாழ்ப்பாணத்தானுக்கும் சென்னைக்காரனுக்கும் விளங்காதாம். இரண்டாம் தரம் கேட்டால் விளங்கும். மறுகாவை மறுகா என்றே எழுது.

பின்னணிக் குரல்

1934இல் தேயிலைப் பிரசாரத்துக்காக இங்கிலீஸ்காரர் இலங்கையில் எடுத்த ஆவணப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. படத்தில் இருப்பது 1930களின் சனம். மேலே ஓடுகிற குரல் 1681இல் அச்சான றொபேட் நொக்ஸின் வரிகளை வாசிக்கிறது. கண்டி அரசனிடம் கைதியாக இருந்த ஒரு வெள்ளைக்காரன் இருநூற்றைம்பது வருடம் கழித்தும் எங்கள் சனத்துக்காகக் கதைக்கிறான். படம் அழகுதான், அதில் சந்தேகமில்லை. நொக்ஸ் இருந்த இடத்தில் இப்போது வானொலித் தமிழில் நீங்கள் இருக்கிறீர்கள். எழுதி வைத்த பின்னணிக் குரலில் பாதியை வெட்டுங்கள். மிச்சத்தில் பாதியையும் வெட்டிப் பாருங்கள்.

கூத்தைப் பகலில் ஆடச் சொல்வது

வெளிச்சத்துக்காக நான் கேட்டேன். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைத்தாளமான சல்லாரியைத் துணியில் சுற்றி வைத்தார். அன்றைக்குப் படப்பிடிப்பு முடிந்தது.

இரவில் போங்கள், விடிய விடிய இருங்கள். மைக்கின் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஓட்டோவில் விடாதீர்கள், மத்தளம் விழுகிற ஒவ்வொரு தரமும் பாட்டு உள்ளே போய்விடும். கமராவோடு கூத்தாடுகிற களரிக்குள் இறங்கவும் வேண்டாம்.

ட்ரோன்

ஒன்று போதும். அனுமதி எடுங்கள்.

படத்தைக் கொடுக்காமல் விடுவது

கொழும்பில் போட்டேன், யாழ்ப்பாணத்தில் போட்டேன், வெளிநாட்டு விழாவுக்கும் அனுப்பினேன். பனிச்சையடியில் போடவில்லை. அந்த வீட்டுக்கு யூரியூப் லிங்க் அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். டேட்டா போட்டுப் பார்ப்பார்களா என்று கேட்கவில்லை. வெட்டாத முழுப் பேட்டியையும் பென்ட்றைவில் போட்டுக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். நானும் கடைசியில் கொண்டுபோனேன். நாற்பது நிமிடத் தமிழும், தனிக் கோப்பாக அந்த 47 செக்கனும். மகள் சின்னக் கோப்பைத்தான் முதலில் திறந்தா. "இது என்ன சத்தம்?" என்று கேட்டா. காற்றாடி என்றேன்.