ரெசின் தூள் பசை: டப்பா திறந்தது முதல் பிரஸ் இறக்கும் வரை நேரும் தவறுகள்

பெங்களூரில் இன்டீரியர் வேலை செய்யும் நம்மவர் பட்டறைகளில் பலகை மேல் வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டப் பெரும்பாலும் வெள்ளைப் பசையே புழங்குகிறது. அது காய்ந்த பிறகும் உள்ளூரச் சற்று இளக்கம் உடையது. ஆகவே அகலமான மேசைப் பரப்பிலும் வளைத்து ஒட்டிய பலகையிலும் வெனீரின் மூட்டுகள் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, பாலிஷுக்குக் கீழே மயிரிழை போல் தெரியத் தொடங்கும். யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின் தூளைத் தண்ணீரில் கரைத்து ஒட்டினால் இந்த நகர்வு இருக்காது, ஏனெனில் அது கண்ணாடி போல் இறுகிவிடும். ஆனால் வெள்ளைப் பசையைப் புழங்கிய அதே கைப்பழக்கத்தோடு இதைத் தொட்டவர்கள், "தூள் சரியில்லை" என்று பழி போட்டுவிட்டு விலகிவிடுகிறார்கள்.

இத்தூள் பாதி வெந்த சோறு போன்றது. தொழிற்சாலையில் ரெசினைப் பாதி வழியில் நிறுத்தி உலர்த்தித் தூளாக்கியிருக்கிறார்கள்; பல வகைகளில் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் உள்ளேயே கலந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் மீதிப் பாதி தொடங்கிவிடும். அந்தத் தண்ணீர் நம் கிண்ணத்தில் ஊற்றியதா, ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஈரக்காற்றிலிருந்து டப்பாவுக்குள் புகுந்ததா என்ற வேறுபாடு தூளுக்குத் தெரியாது.

ஆகவே முதல் தவறு, வாங்கி வந்த பையின் வாயை ரப்பர் வளையம் போட்டு அலமாரியில் வைப்பது. ஐந்து கிலோ பையைத் திறந்தவுடன், அரைக் கிலோ, ஒரு கிலோ அளவில் காற்றுப் புகாத டப்பாக்களில் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் திறந்த தேதியை எழுதி வைப்பதே முறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உள்ள பரண் ஆகாது. ஈரத்தைப் போலவே வெப்பமும் தூளை முதிரச் செய்யும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. அதில் பிழையில்லை, ஆனால் வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். டப்பா அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. கிண்ணத்தில் கலக்கிய ஈரக் கரண்டியையே மீண்டும் டப்பாவில் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடிக்கு நம் பாட்டிமார் காட்டிய கண்டிப்பு இதற்கும் பொருந்தும்.

கட்டி தட்டிய தூளைச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மட்டும் பயன்படுத்துவது சிக்கனம் போலத் தோன்றும். கட்டியாகியிருந்தால் மீதித் தூளும் ஓரளவு முதிர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அது கரையும், தடவவும் வரும். மரத்தின் நாருக்குள் இறங்காது. ஐயமிருந்தால் சிறிது கலக்கி இரண்டு துண்டு மரத்தை ஒட்டி, மறுநாள் உளியால் பிளந்து பாருங்கள். மரநார் கிழிந்து வந்தால் தூள் நல்லது, பசைக்கோடு வழியாகவே சுத்தமாகப் பிரிந்தால் குப்பைக்குப் போகட்டும். ஒரு கிலோ தூளின் விலைக்காக ஒரு முழுத் தேக்கு வெனீரை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கலக்கும்போது நேரும் பிழைகளில் கண்ணளவு முதன்மையானது. டப்பாவில் அமுங்கிய தூளும் குலுக்கிய தூளும் ஒரே கோப்பையில் ஒரே எடை நிற்பதில்லை. தயாரிப்பாளர் எடைக்கணக்குத் தந்திருந்தால் சமையலறைத் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். முழுத் தண்ணீரிலும் தூளைக் கொட்டினால் கட்டி தட்டும்; கேழ்வரகு மாவைக் கரைப்பது போல, முதலில் சிறிது தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றித் தளர்த்தி, சில நிமிடம் விட்டு மீண்டும் கிளறினால் தோசை மாவுப் பதத்தில் வழவழப்பாக வரும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்: ஹார்டனர் அமிலத்தன்மை உடையது, இரும்பு பட்டால் சில மரங்களில் கருங்கறை ஏறும். கிண்ணத்தில் பசை தடிக்கத் தொடங்கியதும் தண்ணீர் விட்டு இளக்குவது பெருந்தவறு, ஏனெனில் அது காய்ந்து தடிப்பதில்லை, இறுகத் தொடங்கியிருக்கிறது.

இனி, இந்த ஊருக்கே உரிய தவறு. இத்தகைய தூள்களில் பெரும்பாலானவை சரியாக இறுக ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ் வேண்டும். சென்னையில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். ஸ்ரீராமபுரத்தில் நான் பட்டறை வைத்த முதல் டிசம்பரில், நான்கு அலமாரிக் கதவுகளை மாலையில் பிரஸ்ஸில், அதாவது ஒட்டிய பலகைகளை அழுத்திப் பிடிக்கும் கருவியில், ஏற்றி, காலை எட்டு மணிக்கு இறக்கினேன். மதியத்துக்குள் இரண்டு கதவுகளின் ஓரம் பப்படம் போல் எழும்பிவிட்டது. பிதுங்கி வழிந்திருந்த பசையில் நகத்தை அழுத்தினால் தடம் விழுந்தது. அன்று முதல் கடிகாரத்தைப் பார்த்து நான் பிரஸ்ஸைத் திறப்பதில்லை. வழிந்த பசை நகத்துக்குச் சிறிதும் இடம் கொடாமல், ஒடித்தால் கண்ணாடிச் சில்லாக உடைய வேண்டும். குளிர்காலத்தில் பலகைகளை முந்தைய நாளே வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்து, ஏற்றிய அடுக்கின் மேல் கம்பளி போர்த்துவதும் வழக்கமாயிற்று. ஏப்ரலில் கணக்குத் தலைகீழ்: பொதுவாக வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். டிசம்பரில் கலக்கும் அளவை அப்போது ஒரே தடவையாகக் கலக்கக் கூடாது.

பசையை வெனீரின் முதுகில் தடவாதீர்கள். அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள தாள் தண்ணீரைக் குடித்துச் சுருண்டுவிடும். அடிப்பலகையில் மட்டும், பல் கரண்டியாலோ ரோலராலோ மெல்லிய சீரான படலமாகத் தடவினால் போதும். அதிகமானால் நுண்துளை வழியே மேலே கசிந்து, அந்த இடத்தில் ஸ்டெயின் என்னும் மரச்சாயம் ஏறாது. கருமையான வெனீருக்குப் பசையில் சிறிது நிறத்தூள் கலந்துகொள்வது நல்லது. அழுத்தும் பலகைக்கும் வெனீருக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால் இரண்டும் பிரியாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும், பின்பக்கமும் ஒட்ட வேண்டும்.

எங்காவது குமிழ் எழுந்தால், வெள்ளைப் பசைக்குச் செய்வது போல் இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். இறுகிய ரெசின் சூட்டில் மீண்டும் இளகாது. நாரின் போக்கிலேயே பிளேடால் கீறி, புதுப் பசையை உள்ளே செலுத்தி, அழுத்தி வைப்பது ஒன்றே வழி.

இதன் ஈரத் தாங்குதிறனையும் மிகையாக மதிப்பிடக் கூடாது. கடையில் எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு தாங்குவது) என்று முத்திரையிட்டு விற்கும், ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலைப்படியான பிளைவுட்டில் வழக்கமாக இருப்பதும் இதே இனத்து ரெசின்தான். குளியலறைக் கதவுக்கும் வாசல் கதவுக்கும் இது உதவாது.

ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. தூளைக் கொட்டும்போதும், இறுகிய பசையை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் முகமூடியும் திறந்த ஜன்னலும் கட்டாயம். வழிந்து இறுகிய ஓரத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சில்லு போல் கிழிக்கும். மீந்த பசையை வாஷ்பேசினில் ஊற்றாமல் கிண்ணத்திலேயே இறுக விட்டுத் தட்டி எறியுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தை லேசாக வளைத்தாலே அது முழுக்கட்டியாகக் கழன்று வந்துவிடும்.