ஒன்ராறியோவில் தன்பாலின இணையர்: நீங்கள் பேச முடியாமல் கிடந்தால் வைத்தியர் யாரைக் கேட்பார்?

வைத்தியசாலைக் கட்டிலில் நினைவின்றிக் கிடக்கும் ஒருவருக்காகச் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல யாருக்கு உரிமை என்பதை ஒன்ராறியோவில் வைத்தியரோ தாதியோ தீர்மானிப்பதில்லை. 1996ஆம் ஆண்டின் ஹெல்த் கெயார் கொன்சென்ட் சட்டம் ஒரு வரிசையைப் போட்டு வைத்திருக்கிறது. முதலில் நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர். அடுத்து, நீங்களே எழுத்தில் நியமித்தவர். மூன்றாவது, சிகிச்சைச் சம்மதம் பற்றிய வழக்குகளை விசாரிக்கும் கொன்சென்ட் அன்ட் கப்பாசிட்டி போர்ட் என்ற மாகாணச் சபை நியமிக்கும் பிரதிநிதி. நான்காவது இடத்தில் கணவன், மனைவி அல்லது இணையர். அதற்குக் கீழேதான் பெற்றோரும் பிள்ளைகளும், பிறகு சகோதரர், கடைசியாக மற்ற உறவினர். ஒருவருமே இல்லையென்றால் மாகாண அரசின் பப்ளிக் கார்டியன் அன்ட் ட்ரஸ்டீ அலுவலகம் முடிவெடுக்கும்.

இந்த வரிசையில் இணையர் எந்தப் பாலினம் என்ற கேள்வி எங்குமில்லை. குடிவரவு நிலையும் கேட்கப்படுவதில்லை. அகதிக் கோரிக்கையாளர், மாணவர், நிரந்தர வதிவாளர் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். தன்பாலினத் திருமணம் ஒன்ராறியோவில் 2003 ஜூனிலிருந்தும் கனடா முழுவதும் 2005 ஜூலையிலிருந்தும் சட்டபூர்வமானது. பதிவுத் திருமணம் செய்திருந்தால் நான்காவது இடம் அன்றைக்கே உங்கள் துணைக்கு உரியது. திருமணம் செய்யாதவர்களுக்கு நிபந்தனை உண்டு: குறைந்தது 1 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது இருவரும் ஒரு பிள்ளைக்குப் பெற்றோராக இருக்க வேண்டும், அல்லது குடும்பச் சட்டத்தின்கீழ் சேர்ந்து வாழும் ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்குச் சிக்கல் வருவது அந்த 1 ஆண்டில்தான். வந்து 6 மாதம் ஆகியிருக்கும். அல்லது ஒருவர் ஸ்காபரோவில் சித்தப்பா வீட்டு பேஸ்மென்டிலும் மற்றவர் பிரம்டனில் வாடகை அறையிலும் இருப்பார்கள். ஐந்து வருட உறவாக இருந்தாலும் ஒரே கூரையின்கீழ் வாழாவிட்டால் சட்டத்தின் கண்ணில் உங்கள் துணை வெறும் நண்பர். வரிசையில் அவருக்கு இடமே இல்லை. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் அம்மா அப்பாவுக்கு இடம் உண்டு. தூரத்தில் இருப்பதால் அவர்களைக் கேட்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். நியாயமான நேரத்துக்குள் தொடர்புகொண்டு சம்மதம் பெற முடிந்தால் போதும் என்கிறது சட்டம். வட்சப் அழைப்பு அதற்குப் போதும்.

இதை அடைக்கும் வழி ஒரு தாள். அதன் பெயர் பவர் ஒஃப் அற்றோணி ஃபோர் பேர்சனல் கெயார்; வரிசையில் இரண்டாவதாகச் சொன்ன எழுத்து நியமனம் இதுதான். ஊரில் காணி விற்கவும் வங்கிக் கணக்கு நடத்தவும் எழுதிக்கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வேறு. அதைக் கொண்டு வைத்தியசாலையில் ஒன்றும் செய்ய முடியாது. இங்கும் சொத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறது. உடல்நலத்துக்கான படிவத்தில் நீங்கள் நியமிப்பவர் 'அற்றோணி' எனப்படுவார். அவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. நியமிப்பவருக்கும் நியமிக்கப்படுபவருக்கும் 16 வயது நிரம்பியிருந்தால் சரி. படிவத்தை மாகாண அரசின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். நொத்தாரிசு முத்திரை, பதிவு, கட்டணம் எதுவும் வேண்டாம். இதைச் செய்யக் காசு கேட்பவரிடம் நீங்கள் வாங்குவது ஆலோசனையை மட்டுமே என்று தெரிந்து கொடுங்கள்.

பிழை நடப்பது சாட்சிகளில். இரண்டு பேர் வேண்டும், இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துவிட்டு அவர்களும் கையெழுத்திட வேண்டும். மூவரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் முடித்துவிடுவதே நல்லது. உங்கள் துணை சாட்சியாக முடியாது. நியமிக்கப்பட்டவரும் அவருடைய துணையும் முடியாது. உங்கள் பிள்ளையும் முடியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நியமிக்கும்போது "நீ எனக்குச் சாட்சி, நான் உனக்குச் சாட்சி" என்று முடித்துவிடும் இணையர் உண்டு. இரண்டு தாளும் பழுதாகிவிடும். நீதிமன்றம் அதைச் செல்லுபடியாக்கலாம்தான், ஆனால் அவசரப் பிரிவில் நிற்கும் நேரத்தில் நீதிமன்றம் போக முடியுமா?

சாட்சி தேடினால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. படிவத்தில் நீங்கள் எழுதுவது ஒருவரின் பெயரை மட்டுமே; அவர் உங்களுக்கு என்ன முறை என்று எழுத வேண்டிய கட்டாயமில்லை. சாட்சிகள் உள்ளடக்கத்தை வாசிக்கவும் தேவையில்லை. கூட வேலை செய்பவர், பக்கத்து வீட்டுக்காரர், வகுப்புத் தோழர் யாராக இருந்தாலும் போதும்.

இன்னொரு பொறி: "துணையும் இருக்கட்டும், அக்காவும் இருக்கட்டும்" என்று இரண்டு பேரை நியமிப்பது. தனித்தனியாகவும் செயற்படலாம் என்று குறிப்பாக எழுதாவிட்டால் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். அக்காவின் தொலைபேசி கிடைக்காத இரவில் துணையின் கையும் கட்டப்பட்டுவிடும். துணையை முதல்வராகவும் அக்காவை மாற்று ஆளாகவும் எழுதுவதே எங்கள் பரிந்துரை.

உங்கள் விருப்பங்களையும் அதிலேயே எழுதலாம்: செயற்கைச் சுவாசம் எதுவரை, இரத்தம் ஏற்றலாமா, நோயைப் பற்றி யாரிடம் பேசக்கூடாது. வாயால் சொன்ன விருப்பத்துக்கும் சட்டத்தில் மதிப்பு உண்டு, பிந்திச் சொன்னது முந்தியதை வெல்லும். உங்களுக்காக முடிவெடுப்பவர் யாராக இருந்தாலும், நீங்கள் சுயநினைவோடு சொன்ன விருப்பம் அந்த நிலைமைக்குப் பொருந்தினால் அதன்படியே நடக்கக் கடமைப்பட்டவர். அம்மா அப்பாவுக்கும் இது பொருந்தும்.

இந்தத் தாள்களுக்கு அரசுப் பதிவேடு இல்லை. மூலப் பிரதியை வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் சனிக்கிழமை இரவில் எடுக்க முடியாது. வீட்டில் எட்டும் இடத்தில் வைத்து, இருவர் தொலைபேசியிலும் படம் வைத்திருங்கள், குடும்ப வைத்தியரிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

வைத்தியசாலைப் பதிவு மேசையில் "இவர் யார்?" என்று கேட்கும்போது கூச்சத்தில் "கசின்", "ரூம்மேட்" என்று சொல்பவர்கள் அதிகம். அது அப்படியே கோப்பில் ஏறிவிடும். பின்னர் இணையர் என்று நிறுவப் போனால் உங்கள் வார்த்தையே உங்களுக்கு எதிராக நிற்கும். தாள் கையில் இருந்தால் உறவைச் சொல்லாமலே "நான் இவருடைய அற்றோணி ஃபோர் பேர்சனல் கெயார்" என்று சொன்னால் போதும். அவசரத் தொடர்பு என்ற பெட்டியில் பெயர் இருப்பதால் மட்டும் யாருக்கும் முடிவெடுக்கும் உரிமை வராது. அது அழைக்க வேண்டிய இலக்கம், அவ்வளவே.

வார்டுக்கு முதலில் வந்து சேரும் மாமாவையும் கவனியுங்கள். தனக்கு மேலே ஆட்கள் இல்லை, அல்லது இருந்தாலும் மறுக்க மாட்டார்கள் என்று நம்பும் உறவினர், அங்கே இருந்தால் சம்மதம் கொடுக்கச் சட்டம் இடம்விடுகிறது. எழுத்தில் நியமிக்கப்பட்டவர் இருக்கும்போது அந்த வழி அடைபடும். ஆனால் அப்படி ஒருவர் இருப்பது வைத்தியருக்குத் தெரிந்தால்தானே!

உங்களுக்கு நினைவும் புரிதலும் இருக்கும்வரை முடிவு முழுக்க உங்களுடையது. ஆங்கிலம் வராதது தகுதியின்மை ஆகாது. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், உறவினரை அந்த வேலைக்கு விட வேண்டாம். முடிவெடுக்கும் தகுதி உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் கொன்சென்ட் அன்ட் கப்பாசிட்டி போர்டிடம் மறுபரிசீலனை கேட்கலாம். விண்ணப்பம் கிடைத்து 7 நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். தாளும் இல்லை, 1 ஆண்டும் ஆகவில்லை, துணை ஏற்கெனவே நினைவிழந்துவிட்டார் என்றாலும் வழி உண்டு: தன்னைப் பிரதிநிதியாக நியமிக்கும்படி நண்பர்கூட அதே போர்டிடம் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் அந்த இடம் பெற்றோருக்கு மேலே. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் சம்மதத்துக்காகச் சிகிச்சை நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாள் மரணத்தோடு முடிந்துவிடும். இறுதிக் கிரியையை முடிவு செய்பவர் மரணசாசனத்தில் பெயரிடப்பட்ட நிறைவேற்றுநர். சாசனம் இல்லாவிட்டால், திருமணம் செய்யாத இணையருக்கு ஒன்ராறியோ வாரிசுரிமைச் சட்டத்தில் பங்கே இல்லை. முழுக்க உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்ட சாசனம் சாட்சியின்றியே இங்கு செல்லும்.

மேலே சொன்னவை ஒன்ராறியோவுக்கு மட்டும். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, கியூபெக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம், தனிப் பெயர். ஊருக்குப் போகும்போது இந்தத் தாளை நம்ப வேண்டாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன.

பிரிந்தால் ஒரு வேலை மிச்சம். உறவு முறிந்து தனித்தனியே வாழத் தொடங்கியதும் நான்காவது இடம் தானாகப் போய்விடும்; எழுத்தில் கொடுத்த நியமனம் போகாது. விவாகரத்துகூட அதை ரத்துச் செய்யாது. இரண்டு சாட்சிகளோடு ரத்துக் கடிதம் எழுதுங்கள், அல்லது புதிய படிவம் நிரப்புங்கள்; குடும்ப வைத்தியரிடம் இருக்கும் பழைய பிரதியையும் மாற்றச் சொல்லுங்கள்.