ஒரே தெரு, ஒரு வருஷம்: பருவத்தைப் படமெடுத்தபடி நடக்க ஒரு வழி

சென்னைக்குப் பருவமே கிடையாது, வெயிலும் அதைவிட அதிக வெயிலும்தான் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவில் இருக்கும் புங்க மரம் எந்த மாதம் இலையைக் கொட்டுகிறது? தெரியாது என்றால் இது உங்களுக்குத்தான். வேலை போன பிறகு, வீட்டில் ஒருவரை இழந்த பிறகு, இல்லை காரணமே தெரியாமல் எதிலும் பிடிப்பற்றுப் போகும்போது, வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் படமெடுத்துக்கொண்டே நடப்பது உண்மையிலேயே கைகொடுக்கும். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள், நடையும் கூடவே இருக்கட்டும்.

முதலில் பாதை. புதுப்புது இடமாகத் தேட வேண்டாம். அரை மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய ஒரே பாதை, அதில் நான்கைந்து மரம், முடிந்தால் ஒரு குளமோ காலி மனையோ போதும். அந்த மரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று, மின்கம்பமும் காம்பவுண்டு சுவரின் மூலையும் ஒவ்வொரு முறையும் படத்தின் அதே ஓரத்தில் வரும்படி வாரம் ஒரு படம் எடுங்கள். மற்ற படங்களெல்லாம் உங்கள் இஷ்டம், இந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள். சில மாதம் கழித்து அவற்றை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத வாரத்திலும் அந்த மரம் துளிர் விட்டுக்கொண்டிருந்தது தெரியும். எனக்கு ஆறுதல் என்று கிடைத்தது பெரும்பாலும் அந்த வரிசையில்தான்.

எதைத் தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்தால் நடை சுவாரசியமாகிவிடும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை இரண்டிரண்டு மாதமாக ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் நம்மவர்கள், அதையே அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். தையில் நாட்டு வாதுமை மரத்தைப் பாருங்கள், நாம் பாதாம் மரம் என்போமே, அதன் பெரிய இலைகள் ரத்தச் சிவப்பாகிக் கொட்டும். இலையுதிர் நிறத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மாசியில் இலவ மரம் இலையில்லாமல் சிவப்புப் பூவோடு நிற்கும், மைனாவும் காக்கையும் தேனுக்கு மொய்க்கும். மாசி, பங்குனியில் புங்கம் மொட்டையாகி, சில நாளிலேயே எண்ணெய் தடவியது போன்ற இளம்பச்சைத் துளிர் விடும். காலை வெயில் அந்த இலைக்குப் பின்னாலிருந்து வரும்போது எடுங்கள், எந்தக் கருவியில் எடுத்தாலும் நன்றாக வரும். அதன் பூ உதிரும் நாட்களில் தரையையும் எடுக்க மறக்காதீர்கள். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும், குயில் விடியலுக்கு முன்பே கூவத் தொடங்கிவிடும். அப்புறம் சரக்கொன்றை. வெயில் தாங்காமல் நாம் உள்ளே ஓடும் நாட்களில்தான் அது முழு மஞ்சளில் இருக்கும் என்பதை நினைத்தாலே எனக்குத் தெம்பு வருகிறது.

ஐப்பசிதான் எனக்கு மிகப் பிடித்த மாதம். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. மழைக்கு முன் தட்டான்கள் கூட்டமாகப் பறக்கும், மரமல்லி தெருவெல்லாம் உதிரும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் ஆறுமணிக்குருவி வந்து சேரும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் அது கூப்பிடும், அதனால்தான் அந்தப் பெயர். வந்த களைப்பில் சில சமயம் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ ஒதுங்கி நிற்கும், காக்கைகள் துரத்தும். அப்போது கிட்டே போய்ப் படமெடுக்காமல் விட்டுவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். ஜூன் தொடக்கத்தில் இங்கே 5.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30-க்கு மேல் ஆகும். அதிலிருந்து ஒரு மணி நேரம்தான் உங்கள் நேரம். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும், செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் விழாது. அந்த விசித்திரத்தை ஒரு படம் எடுத்துவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள், மற்றபடி கோடை மதியத்தில் எடுக்க ஒன்றுமில்லை.

போனே போதும். லென்ஸைச் சட்டைத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, திரையில் இலையின் மேல் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறைத்து எடுங்கள், நிறம் வெளுக்காது. ஜூம் செய்வதற்குப் பதில் இரண்டடி முன்னே போங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஏசி அறையிலிருந்து அப்படியே வெளியே எடுத்து வந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் பனித்துவிடும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வராந்தாவில் வைத்துவிட்டு எடுங்கள். மழைநாளில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும். தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் படத்துக்காக இறங்காதீர்கள், அடியில் மின்கம்பியோ திறந்த குழியோ இருக்கலாம்.

சரி, தனியாகவா, துணையோடா? மனசு கனத்திருக்கும் நாளில் தனியாகப் போவதுதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் விடியற்காலையில் ஆளில்லாத ஏரிக்கரைக்குத் தனியாகப் போகாதீர்கள், நாய்களுக்காகவும்தான் சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் போதும், அதற்கு மேல் சேர்ந்தால் பேச்சு லென்ஸ் விலைக்குப் போய்விடும். மரங்களைப் பெயர் சொல்லி அறிய வேண்டுமென்றால் ‘நிழல்’ அமைப்பு நடத்தும் மர நடைகளில் சேரலாம். பறவை என்றால் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது, 1978-லிருந்து இயங்குகிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம். ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே பூநாரைகள் நிற்பதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் நான் கறார். கூட்டைப் படமெடுக்காதீர்கள், அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். பறவை பறக்கும் படம் வேண்டுமென்று கல் எறிபவரைப் பார்த்தால் நேரிலேயே சொல்லுங்கள். மார்கழிக் கோலத்தை எடுக்கும்போது, போடும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

படங்களை மாத வாரியாக ஆல்பம் போட்டு வையுங்கள், தமிழ் மாதப் பெயரிலேயே. பூ, காய், துளிர் எப்போது வந்தது என்று இரண்டு வார்த்தை கூடவே எழுதி வைத்தால், மரங்களின் பருவத்தைப் பொதுமக்களே பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டத்துக்கும் அது பயன்படும். தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டாம், நாளைக் காலை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்திலிருந்தே ஆரம்பியுங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.