திருப்பூர்ப் பின்னணியில் ஒரு துரோகத் தொடர்: முதன்முறை எழுதுகிறவர்களுக்குச் செய்முறை

கணவன், மனைவி, மனைவியின் உயிர்த்தோழி. கள்ளத்தொடர்பு, ஏமாற்று, பழிவாங்கல். இதை வைத்துத் தொடர் ஆரம்பிக்கிற பலர் பத்தாவது அத்தியாயத்தில் நின்றுபோகிறார்கள். அழுகையும் ஆத்திரமும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன, அடுத்து நடக்க வேண்டிய சம்பவம் கையில் இருப்பதில்லை. இந்த வகைக் கதைக்குச் சம்பவம் படுக்கையறையில் கிடைக்காது. கணக்கு நோட்டிலும் பத்திரத்திலும் கிடைக்கும். நம்ம கொங்குப் பக்கம் குடும்பமும் தொழிலும் ஒரே பெட்டியில் இருப்பதால் இந்தக் கதைக்கு இதைவிட நல்ல மண் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்வது, பிரதிலிபி போன்ற தளத்தில் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அளவு: 30 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,000 முதல் 1,200 சொல்.

படி 1: யார் பேரில் என்ன இருக்கிறது

ஆள்களின் குணத்தை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் சொத்தை எழுதுங்கள். நமது உதாரணக் கதை இது. திருப்பூரில் மோகன் ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறான். காகிதப்படி உரிமையாளர், அதாவது புரொப்ரைட்டர், மனைவி வளர்மதி. ஓட்டுவது அவன், கையெழுத்து அவளுடையது. கார் அவள் பேரில். செக் புக்கில் அவள் கையெழுத்துப் போட்ட வெற்று லீஃப்கள் மோகனின் பீரோவில் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. லாகின் ஆடிட்டர் ஆபீசில், ஓ.டி.பி. மட்டும் வளர்மதியின் செல்லுக்கு வரும். தோழி சுகன்யா கோவை பீளமேட்டில் இருக்கிறாள்.

இந்த நாலு வரியில் முழுக்கதையும் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் பிறகு ஓர் அத்தியாயமாகும்.

படி 2: தடயம்

கணவன் குளிக்கப் போனபோது மேசையில் போன் ஒலித்தது, திரையில் அவள் பேர்: இதை வாசகர் நூறு முறை படித்துவிட்டார். தடயம் அந்த வீட்டின் தொழிலிலிருந்து வரவேண்டும்.

மோகன் பெருந்துறை சிப்காட்டில் சாயப்பட்டறைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்புகிறான். பெருந்துறை திருப்பூருக்குக் கிழக்கே. கார் வளர்மதி பேரில் என்பதால் ஃபாஸ்டேக்கும் அவள் நம்பரில். மத்தியானம் அவள் செல்லுக்கு ஒரு மெசேஜ்: வண்டி எண், தொகை, நேரம், டோல்கேட் பேர் கணியூர். கணியூர் அவினாசிக்கும் கோவைக்கும் நடுவில், மேற்கே. கிழக்கே போனவன் மேற்கே டோல் கட்டியிருக்கிறான். வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். அந்த இடத்தில் "அவளுக்கு உலகமே சுழன்றது" என்று எழுதாதீர்கள். மெசேஜை அப்படியே கொடுத்து அத்தியாயத்தை முடித்துவிடுங்கள்.

ஒரே தடயத்தில் உண்மை முழுவதும் தெரியக்கூடாது. கணியூர் சொல்வது அவன் பொய் சொன்னான் என்பதை மட்டும். யாரைப் பார்க்கப் போனான் என்பதற்கு இரண்டாவது தடயம், ஏன் என்பதற்கு மூன்றாவது. இடையில் மூன்று நான்கு அத்தியாயம் விடுங்கள்.

படி 3: யாருக்கு எப்போது என்ன தெரியும்

பெரும்பாலான தொடர்கள் உடைகிற இடம் இதுதான். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

நீள நோட்டு ஒன்று எடுங்கள். கூகுள் ஷீட் வேண்டாம். திரையில் ஒரு மூலை மட்டுமே தெரியும், இந்த அட்டவணையை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். இடப்பக்கம் 1 முதல் 30 வரை அத்தியாய எண். மேலே ஐந்து பத்தி: வளர்மதி, மோகன், சுகன்யா, ஆடிட்டர் ஆபீஸ், வாசகர். ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் ஒன்று: தெரியாது, சந்தேகம், தெரியும், தப்பாகத் தெரியும். வாசகர் பத்தியைப் பலர் போடுவதே இல்லை. கதையின் விறுவிறுப்பு அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு கட்டங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வளர்மதிக்கு 'தெரியும்' என்று முதலில் வருகிற அத்தியாயம் ஒன்று. அவளுக்குத் தெரியும் என்பது மோகனுக்குத் தெரிகிற அத்தியாயம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எட்டு முதல் பத்து அத்தியாயம் இருக்கவேண்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி அவள் நடமாடுகிற அந்த இடைவெளியில், எல்லாக் காட்சியும் சாதாரண வீட்டுக்காட்சியாகவே இருக்கட்டும். இப்படி:

அரிசிம்பருப்புச் சோறு. நெய் ஊற்றுகிறாள்.

"பெருந்துறையில வேலை முடிஞ்சுதுங்களா?"

"எங்க அம்மிணி முடியுது. நாளைக்கும் போகோணும்."

"டீசல் பத்துமுங்களா?"

அவள் டீசலைப் பற்றித்தான் கேட்கிறாள். கணியூர் தெரிந்த வாசகருக்கு அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்துகிறது என்று தெரியும். இதற்கு மேல் ஒரு வரி விளக்கம் சேர்த்தாலும் காட்சி கெட்டுவிடும்.

வழக்கமாக நடக்கிற தப்பு: ஏழாம் அத்தியாயத்தில் வளர்மதி அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அடுத்த நாள் அண்ணன், மாமன், பங்காளி எல்லோரும் வாசலில். பஞ்சாயத்து. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது, அட்டவணையில் மீதிக் கட்டம் முழுவதும் 'தெரியும்'. ஒளிப்பதற்கு எதுவும் இல்லை, பழிக்கு இடமும் இல்லை. ஆகவே அவள் வாயைத் திறக்காமல் இருக்க வலுவான காரணம் ஒன்று வேண்டும். பயம் போதாது. தம்பிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் என்று இணைச்சீர்ச் சடங்குக்கு நிற்கப்போவது இவள். இவள் வீட்டு விவகாரம் வெளியே வந்தால் பெண் வீட்டார் பின்வாங்குவார்கள். இப்போது அவள் மௌனத்துக்கு ஒரு கெடு தேதியும் கிடைத்துவிட்டது.

படி 4: காலண்டர்

தாள் கிழிக்கிற தினசரி காலண்டர் ஒன்றை மேசையில் வையுங்கள். கதை நடக்கும் வருடத்து உண்மையான காலண்டர். ஆடி ஜூலை பாதியில் பிறக்கிறது, அந்த மாதம் கல்யாணம் இல்லை. ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில். இந்த ஒரு தாளே முப்பது அத்தியாயத்துக்கு ஓட்டம் கொடுக்கும்.

படி 5: பழி

விஷம், விபத்து, கூலிப்படை வேண்டாம். ஏமாந்தவளின் கையெழுத்தை வைத்து ஏமாற்றினார்கள், அந்தக் கையெழுத்தை அவள் நிறுத்துவதே பழி.

ஜூன் மாத ஜி.எஸ்.டி. வரிக்கணக்கு, அதாவது ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்ன், ஜூலை 20-க்குள் போகவேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் ஓ.டி.பி. கேட்கிறது. இங்கே அதுதான் அவள் கையெழுத்து. "செல்லு ரிப்பேருங்க, அனுப்பறேன்" என்கிறாள். அனுப்பவில்லை. ஆகஸ்ட் 20-லும் அதே. தொடர்ந்து இரண்டு வரிக்காலம் ரிட்டர்ன் போகாவிட்டால் அந்தக் கம்பெனிக்கு இ-வே பில், அதாவது சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு, போடுவது முடங்கும். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு அந்தச் சீட்டு இல்லாமல் லாரி ஏறாது. கொல்கத்தாவுக்குத் துர்கா பூஜை ஆர்டர் பண்டல் கட்டிக் கிடக்கிறது, நகரவில்லை. மண்டபத்தில் வளர்மதி இணைச்சீர்ப் புடவையில் நிற்கிறாள், பக்கத்தில் மோகன் போனை வைத்துக்கொண்டு வேர்க்கிறான். கொட்டுமேளச் சத்தத்தில் லாரி ஆபீஸ் சொல்வது அவனுக்குக் கேட்கவில்லை. கதையின் உச்சக்காட்சி இதுதான், 24-ம் அத்தியாயம் வாக்கில் வையுங்கள்.

அடுத்த கேள்வியை மறக்காதீர்கள்: இந்தப் பழி அவளுக்கு என்ன விலை வைக்கிறது? புரொப்ரைட்டர் அவள்தான். தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு வருடம் 18 சதவீத வட்டியும் அவள் தலையில். சனிக்கிழமை சம்பளத்துக்குக் கையேந்தி நிற்கும் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விலை இல்லாத பழியில் வாசகருக்கு இரண்டு நாள் சந்தோஷம், பிறகு ஒன்றும் இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

படி 6: தோழியின் பக்கம்

சுகன்யாவை வெறும் மோகினியாக எழுதினால் நட்பில் நடந்த துரோகம் கதைக்குள் வராது. அவளுக்கும் ஒரு கணக்கு வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த முடையில் வளர்மதியின் கம்பெனியைக் காப்பாற்ற சுகன்யா தன் 12 பவுனை அடகு வைத்துக் கொடுத்தாள். எழுத்தில் எதுவும் இல்லை. நகை திரும்பி வரவே இல்லை, வளர்மதிக்கு அது மறந்தே போயிற்று. முதலில் ஏமாந்தவள் சுகன்யா. இது வாசகருக்கு 16-ம் அத்தியாயத்தில் தெரியட்டும்.

மோகன் பீரோவிலிருந்த வெற்றுச் செக் ஒன்று சுகன்யா கைக்குப் போகிறது. அவள் 15 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போடுகிறாள், பணமில்லாமல் திரும்புகிறது. செக் திரும்புவதைக் குற்றமாக்கும் சட்டத்தின் 138-ம் பிரிவு வைக்கிற கெடு உங்களுக்குத் தயாரான அத்தியாயப் பிரிப்பு: செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம், இல்லையென்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். கையெழுத்து வளர்மதியுடையது, வழக்கும் அவள்மேல். பழைய கைமாற்றுக்கு மூன்று வருடக் காலவரம்பு தாண்டிவிட்டது என்று அவள் வக்கீல் வாதாடலாம். எதிர்த்தரப்புக்கும் சொல்ல நியாயம் இருக்கும். இரண்டு தோழிகளும் கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார நேர்கிற காட்சி இதிலிருந்துதான் வரும்.

பேச்சு

கொங்குப் பேச்சை உரையாடலுக்கு மட்டும் வையுங்கள். கதை சொல்லும் குரலும் "போட்டு", "அக்கட்ட" என்று போனால் மூன்றாம் அத்தியாயத்தில் சலித்துவிடும். மரியாதையை மட்டும் கவனமாகப் பிடியுங்கள். எல்லோர் முன்னாலும் மோகன் சுகன்யாவை "வாங்க, உக்காருங்க" என்பான். ஒரே ஒரு முறை, விருந்து நடுவில், "அதை இங்க குடு" என்று வாய் தவறிவிடட்டும். ஒறம்பரை (விருந்துக்கு வந்த உறவினர்) யாரும் கவனிக்க மாட்டார்கள். வளர்மதியின் கரண்டி நிற்கும். படி 2-ல் சொன்ன இரண்டாவது தடயம் இதுவே.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

கம்பெனி சின்னது, ரிட்டர்ன் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் என்றால் ஜூலை, ஆகஸ்ட் கணக்கு சரிவராதே என்று கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி. வருட டர்னோவர் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கதையில் டர்னோவரை 5 கோடிக்கு மேல் வையுங்கள். மாதாமாதம் கட்டாயமாகிவிடும்.

கள்ளத்தொடர்புக்காக மோகனைப் போலீஸ் கைது செய்வதாக எழுதியவர்கள் மாற்றிவிடுங்கள். அதைக் குற்றமாக வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. அந்தப் பழைய பிரிவிலும் மனைவி புகார் கொடுக்க வழி இருக்கவில்லை. இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான், ஆகவே குடும்ப நீதிமன்றக் காட்சி தாராளமாக வரலாம்.

மோகனும் சுகன்யாவும் கூட்டுத்தொழில் என்று மாற்றி எழுதுகிறவர்கள் ஃபர்ம் பதிவானதா என்பதை முதல் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதிவாகாத ஃபர்மில் ஒரு பார்ட்னர் ஒப்பந்த உரிமை கேட்டு இன்னொருவர்மேல் வழக்குப் போட முடியாது. ஃபர்மைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் போடலாம். 25-ம் அத்தியாயத்தில் வக்கீல் இதைச் சொல்லும்போது கதை திரும்பவேண்டும் என்றால், பதிவுக் காகிதம் ஆடிட்டர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்ததை ஐந்தாம் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் காட்டியிருக்க வேண்டும்.