கிரெடிட் கார்டு இல்லாம கேம்ப்சைட் புக் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கிரெடிட் கார்டு இல்லன்னா கேம்ப்சைட் கிடைக்காதுன்னு நெனச்சு ட்ரிப்பையே விட்டுட்றவங்க இருக்காங்க, முதல் தப்பே அதுதான். புக்கிங் பேஜ்ல கிரெடிட் கார்டு நம்பர்னு கேட்டிருந்தாலும் விசா, மாஸ்டர்கார்டு லோகோ இருக்குற டெபிட் கார்டு பெரும்பாலும் அங்க ஓடும், ஏன்னா அதுக்குத் தேவை கார்டு நம்பர், எக்ஸ்பைரி, பின்னாடி இருக்குற 3 நம்பர் சிவிவி, அவ்ளோதான். ஆனா எல்லா டெபிட் கார்டும் ஆன்லைன்ல ஓடாது. மாஸ்டர்கார்டோட டெபிட் கார்டு வகையான மேஸ்ட்ரோ கார்டுல இந்தப் பிரச்சனை ரொம்ப நாளா இருந்துச்சு, 2023 ஜூலைலேர்ந்து ஐரோப்பாவுல புது மேஸ்ட்ரோ கார்டு குடுக்குறத மாஸ்டர்கார்டு நிறுத்துனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கார்டு சரியா இருந்தும் கடைசி நிமிஷத்துல சொதப்புறது எதுலன்னா, பேங்க் ஆப்ல ஆன்லைன் பேமென்ட், வெளிநாட்டு பேமென்ட் ஆஃப்ல இருக்கும், இல்ல ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு லிமிட் கம்மியா இருக்கும். நல்ல இடமெல்லாம் புக்கிங் திறந்த கொஞ்ச நேரத்துலயே போயிடும், நம்ம எடுத்த சைட்டையும் நமக்காக கொஞ்ச நிமிஷம்தான் பிடிச்சு வச்சிருப்பாங்க, அந்த நேரத்துல போய் செட்டிங்ஸ் தேடிட்டிருந்தா சைட் கைவிட்டுப் போச்சுன்னு அர்த்தம். முந்தின நாளே பாத்து வச்சிருங்க.

டெபிட் கார்டுல நான் ரொம்ப அழுத்திச் சொல்றது ஹோல்டு விஷயம், அதாவது பேங்க் உங்க பணத்த கொஞ்ச நாள் எடுக்க முடியாம பிடிச்சு வைக்கிறது. பேமென்ட் ஃபெயில்னு ஸ்க்ரீன்ல வந்தா பணம் போகலன்னு நெனச்சு உடனே மறுபடி அடிப்பாங்க, மறுபடி ஃபெயில், மறுபடி அடிப்பாங்க. சில நேரம் பேங்க் சரின்னு சொல்லியிருக்கும், ஆனா நீங்க போட்ட அட்ரஸ் பேங்க்ல இருக்குற அட்ரஸோட ஒத்துப்போகலன்னு புக்கிங் வெப்சைட் வேண்டாம்னு சொல்லியிருக்கும். அப்ப ஒவ்வொரு தடவையும் ஒரு ஹோல்டு விழும், அது தானா விடுபட சில நாள் ஆகும். கிரெடிட் கார்டுன்னா லிமிட்ல கொஞ்சம் அடைபடும், அவ்ளோதான். டெபிட்ல அடைபடுறது உங்க வாடகைப் பணம். ஒரு தடவை ஃபெயில் ஆனா நிறுத்திட்டு பேங்க் ஆப்ல என்ன காட்டுதுன்னு பாருங்க, அட்ரஸ், பின்கோடு சரியான்னு பாருங்க, அப்புறம் அடிங்க. என்னைக் கேட்டா ட்ரிப் பணத்த மட்டும் தனி அக்கவுண்ட்ல போட்டு அதோட கார்டை யூஸ் பண்றது எவ்ளோ நிம்மதி தெரியுமா.

ப்ரீபெய்டு கார்டு, கிஃப்ட் கார்டு வச்சும் புக் பண்ணலாம். ஆனா வாங்குன உடனே அந்தக் கார்டு கம்பெனி சைட்ல உங்க பேர், அட்ரஸ் ரெஜிஸ்டர் பண்ணணும், இல்லன்னா மேல சொன்ன அதே அட்ரஸ் பிரச்சனை வரும். சைட் வாடகைக்குக் கணக்கா பேலன்ஸ் வச்சு அதுக்கு மேல புக்கிங் ஃபீஸ், டாக்ஸ் வரும்ங்குறத மறந்துடாதீங்க, பாதி இந்தக் கார்டுல பாதி அந்தக் கார்டுலன்னு பிரிச்சுக் கட்ட நிறைய புக்கிங் வெப்சைட்ல வழியே இல்ல. பேலன்ஸ் தீந்துடுச்சேன்னு கார்டை மட்டும் தூக்கிப் போட்றாதீங்க, கேன்சல் பண்ணா ரீஃபண்ட் வழக்கமா அதே கார்டுக்குத்தான் திரும்பும். கேபின் எடுக்குறவங்க இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, சாவி குடுக்குறப்ப டெபாசிட்டுக்குன்னு கார்டு கேக்குற இடங்கள்ல பல நேரம் ப்ரீபெய்டு எடுத்துக்க மாட்டாங்க.

பேங்க் ட்ரான்ஸ்ஃபர் கேக்குற சின்ன கேம்ப் ஓனர்கள் நிறைய. இதுல புக்கிங் ரெஃபரன்ஸ் நம்பர் போடாம அனுப்புறதுதான் பெரிய தப்பு, புக்கிங் ஒரு பேர்ல, பணம் வர்ற அக்கவுண்ட் இன்னொரு பேர்ல இருந்தா அவங்களுக்கு இது யார் பணம்னே தெரியாது. வெளிநாட்டுக்கு அனுப்புறப்ப நடுவுல இருக்குற பேங்க் தன்னோட சார்ஜை எடுத்துக்கும், நீங்க முழுசா அனுப்பியும் அங்க கொறைஞ்சு போய்ச் சேரும், பாக்கி இருக்குன்னு புக்கிங் உறுதியாகாம நிக்கும். சார்ஜ் எல்லாம் அனுப்புறவரே ஏத்துக்குறாருங்குற ஆப்ஷன் இருந்தா அத எடுங்க. பணம் போய்ச் சேர சில நாள் ஆகும், கெடு நாளைக்குன்னா இன்னிக்கு அனுப்பி பிரயோஜனம் இல்ல.

அதவிட முக்கியம், ட்ரான்ஸ்ஃபர் பண்ண பணத்த திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம். அக்கவுண்ட் நம்பர் மெசேஜ்ல மட்டும் வந்திருந்தா, கேம்போட சொந்த வெப்சைட்ல இருக்குற நம்பருக்கு போன் போட்டுக் கேட்டுட்டு அனுப்புங்க. பேபால்ல ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலில அனுப்புங்க, ஃபீஸ் மிச்சம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, அது தெரிஞ்சவங்களுக்கு சும்மா பணம் அனுப்புற வழி, அப்படி அனுப்புனா காசு குடுத்து வாங்குற உங்களுக்கு பேபாலோட பாதுகாப்பு கிடையாது. கிஃப்ட் கார்டு நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா அது மோசடியேதான், யோசிக்கவே வேணாம். டெபிட் கார்டுல கட்டியிருந்தா கிரெடிட் கார்டு மாதிரியே சார்ஜ்பேக் கேக்க, அதாவது பேங்க் மூலமா பணத்த திரும்பக் கேக்க, வழி உண்டு, நிறைய பேர் இது தெரியாமலே விட்டுட்றாங்க. ஆனா அதுக்கு காலக்கெடு இருக்கு, சீக்கிரம் பேங்க்ல சொல்லணும்.

ஃப்ரெண்டோட கார்டுல கட்டுறீங்களா, கட்டலாம், ஆனா புக்கிங் உங்க பேர்லயே இருக்கட்டும். புக்கிங் ஃப்ரெண்டு பேர்ல இருந்து, கேட்ல ஐடி பாக்குறப்ப அவர் கூட வரலன்னா உள்ள விடாத இடங்கள் இருக்கு. ரீஃபண்ட் வந்தா அவருக்குத்தான் போகும்ங்குறதையும் முன்னாடியே பேசிக்கோங்க.

போய் கேஷா குடுத்துக்கலாம்னு கிளம்புறவங்களுக்கு ரெண்டு விஷயம். கேஷே வாங்காத கேம்புகள் இப்ப கூடிட்டே போகுது, போன் பண்ணிக் கேக்காம போகாதீங்க. கவர்ல பணம் வச்சு பெட்டில போடுற மாதிரி இருக்குற இடத்துல ஆளே இருக்க மாட்டாங்க, சில்லறை கிடைக்காது, சரியான தொகையும் ஒரு பேனாவும் எடுத்துட்டுப் போங்க, கவர்ல இருந்து கிழிக்குற துண்டு ரசீது சைட்ல மாட்டி வைக்கறதுக்கு, அது இல்லன்னா நீங்க கட்டலன்னுதான் ரேஞ்சர் நெனப்பாரு.