துருசடியில் மிதப்பது எண்ணெய்தானா?

குளத்துத் துருசடியில் வானவில் நிறத்தில் ஏதோ மிதக்கிறது, உடனே வா என்று அழைப்பு வந்தால் நான் கருவிப் பெட்டியை முதலில் திறப்பதில்லை. ஒரு பூவரசங்குச்சியை முறித்துப் படலத்தின் நடுவே ஓர் இழுவை. ஓடுபோல உடைந்து, துண்டு துண்டாக விலகி நின்றால் அது இரும்புப் பற்றீரியா விட்ட படலம், வீட்டுக்குப் போகலாம். சுழன்று வந்து மறுபடி ஒட்டிக்கொண்டால்தான் எண்ணெய்.

நிறத்தைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம். வானவில் நிறம் தெரிகிற படலம் ஏறக்குறைய 0.3 முதல் 5 மைக்ரோமீற்றர் தடிப்புத்தான். ஒரு மைக்ரோமீற்றர் தடிப்பில் பரவினால் 1 லீற்றர் டீசல் கிட்டத்தட்டக் கால் ஏக்கரை மூடிவிடும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஒரு பம்மின் ஒழுக்கே அதற்குப் போதும்.

சரி, இனிக் கருவி. கையில் கொண்டுபோகிற புளோரோமீட்டர் புற ஊதா ஒளியைத் தண்ணீருக்குள் பாய்ச்சும். டீசல் போன்ற எண்ணெயிலுள்ள அரோமற்றிக் சேர்மங்கள், அதாவது வளைய வடிவில் காபன் அணுக்கள் கோத்த சேர்மங்கள், அதை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும். கருவி அந்த ஒளிர்வைத்தான் அளக்கிறது, எண்ணெயை அல்ல. இது எனக்கு உறைத்தது ஓர் ஐயனார் கோயில் குளத்தில். குச்சி எண்ணெய் என்றது, கருவியின் எண் அசையவேயில்லை. கருவி பழுதென்று தட்டிக்கொண்டு நின்றேன். பூசாரி ஐயா வந்து, "தம்பி, பொங்கலுக்கு ஏத்தின விளக்குகளை இதுக்குள்ளதானே கழுவினது" என்றார். தேங்காயெண்ணெயில் அரோமற்றிக் கிடையாது. நன்றாகச் சுத்திகரித்த இயந்திர ஒயிலிலும் குறைவு, அதையும் கருவி சரியாகக் காணாது.

இரவல் வாங்கும்போதே எந்தச் சென்சர் என்று கேளுங்கள். கச்சா எண்ணெய்க்கான சென்சர் நீண்ட அலைநீளத்தில், 365 நானோமீற்றர் அளவில் வேலை செய்யும். டீசல், பெற்றோலுக்கானது அதைவிடக் குறுகிய அலைநீளத்தில். நம்முடைய குளங்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். மாரியில் இலை ஊறி பிளேன்ரீ நிறத்தில் நிற்கிற தண்ணீர் தானாகவே ஒளிரும், முதலாவது சென்சர் அதை எண்ணெய் என்று சொல்லிவிடும்.

இரண்டாவதும் முழுக்கத் தப்பாது. அதனால் படலமே இல்லாத இடத்தில், காற்று அடித்து வருகிற பக்கக் கரையில், முதல் அளவை எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. உச்சி வெயிலும் எண்ணைக் குழப்பும், நிழல் மூடியைப் போடுங்கள், இல்லையென்றால் குடை பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள்.

சென்சரைப் படலத்தின் ஊடாக இறக்கக் கூடாது. கண்ணாடியில் எண்ணெய் அப்பினால் பிறகு எங்கே வைத்தாலும் ஒரே எண்தான். குச்சியால் படலத்தை விலக்கி, இடைவெளியில் இறக்கி, குமிழி போகும்வரை பொறுங்கள். இன்னொரு விசயம்: ஒருமுறை பம்முக்குப் பக்கத்தில் வந்த எண், பத்தடி தள்ளி வந்ததைவிடக் குறைவாக இருந்தது. எண்ணெய் மிதமிஞ்சினால் அதுவே ஒளியை விழுங்கிவிடும். ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு சுத்தத் தண்ணீர் கலந்தேன். எண் ஏறியது!

ஆவி மோப்பம் பிடிக்கிற கருவி பெற்றோலுக்கு நல்லது. டீசல் அவ்வளவாக ஆவியாகாது, நான் அதைக் கொண்டுபோவதே குறைவு.

வழக்கு, முறைப்பாடு என்று போவதானால் ஆய்வுகூட அறிக்கை வேண்டும். நான் முதல்தடவை சோடாப் போத்தலில் கொண்டுபோய்த் திரும்பி வந்தவன். எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். கபில நிறக் கண்ணாடிப் போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் அமிலமும் விட்டே தருவார்கள். அதைக் குளத்துத் தண்ணீரால் அலசாமல் ஒரே தடவையில் நிரப்பி ஐஸில் வையுங்கள். ஐஸ் மீன் வியாபாரியிடம் கிடைக்கும். பெட்டியை மட்டும் அவரிடம் வாங்காதீர்கள், மீனெண்ணெயும் அந்தச் சோதனையில் எண்ணெயாகவே வரும்.